ஆள் இல்லாமல் ஓடிய படகு!

காருக்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறார் அப்பா. கையில் உள்ள சாவியில் ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்துகிறார். காரின் விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. டக்கென்று கதவுகளின் பூட்டு திறக்கிறது. யாரும் காரைத் தொடவில்லை!

எல்லோரும் ஏறி உட்காருகிறார்கள். அம்மா ஒரு குமிழைத் திருப்புகிறார். குளிர்ந்த காற்று வருகிறது. பிள்ளைகள் ரேடியோவைப் போடுகிறார்கள். எங்கோ ஒலிக்கும் பாட்டு காருக்குள் கேட்கிறது.

இன்று இதெல்லாம் சாதாரணம். ஆனால், தொடாமலே ஒரு வாகனத்தை ஓட்டலாம், திருப்பலாம், நிறுத்தலாம் என்று ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டினார். அன்று கூடியிருந்த மக்கள் அதை மந்திரம் என்று நினைத்தார்கள்.

அவர் பெயர் நிக்கோலா டெஸ்லா. உலகுக்கு ஒளி தந்த அந்த மேதை, கடைசியில் ஓர் ஓட்டல் அறையில் தன்னந்தனியாக இறந்தார். கையில் காசு இல்லை.

பூனையின் முதுகில் பொறி

ஐரோப்பாவில் இன்று குரோவேஷியா என்ற நாடு இருக்கிறது. அங்கே ஸ்மில்யான் என்பது ஒரு சிற்றூர். அது அப்போது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்தது. 1856-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி நிக்கோலா அங்கே பிறந்தான். பெற்றோர் செர்பிய இனத்தவர்.

தந்தை மிலுட்டின், கிறிஸ்தவ குரு. தாய் டூகாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நீண்ட வீரகாவியங்களை அவர் மனப்பாடமாகச் சொல்வார். வீட்டு வேலைக்கு வேண்டிய சிறு சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்வார். புதிது புதிதாகச் செய்யும் புத்தி அம்மாவிடமிருந்தே தமக்கு வந்தது என்று டெஸ்லா கடைசி வரை நம்பினார்.

நிக்கோலாவிடம் ஒரு பூனை இருந்தது. குளிரும் வறட்சியுமான ஒரு மாலை நேரம். சிறுவன் பூனையின் முதுகைத் தடவினான். சடசட என்று பொறி பறந்தது! தந்தையிடம் ஓடிப்போய்க் கேட்டான். வானத்து மின்னலும் இதுவும் ஒன்றுதான் என்று தந்தை விளக்கினார். அந்தப் பொறி சிறுவனின் மனத்தில் அணையவே இல்லை.

வீட்டில் ஒரு துயரமும் நேர்ந்தது. அண்ணன் டேன் மிகவும் கெட்டிக்காரன். ஒரு குதிரையால் நேர்ந்த விபத்தில் இறந்து போனான். அதனால் தந்தையின் ஆசையெல்லாம் நிக்கோலாவின் மேல் திரும்பியது. தம்மைப் போல் அவனும் குருவாக வேண்டும் என்று அவர் விரும்பினார். மகனுக்கோ எந்திரங்களின் மேல்தான் ஆசை.

1873-ம் ஆண்டு நிக்கோலாவுக்குக் காலரா கண்டது. பல மாதங்கள் படுக்கையில் கிடந்தான். பிழைப்பானா என்பதே சந்தேகம். அந்த நிலையில் தந்தை மனம் இளகினார். பிழைத்து எழுந்தால் எஞ்சினீயர் படிப்புக்கே அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். மகன் பிழைத்தான். தந்தை வாக்கைக் காப்பாற்றினார்.

மணலில் வரைந்த மோட்டார்

1875-ல் கிராஸ் நகரத்துக் கல்லூரியில் டெஸ்லா சேர்ந்தார். அங்கே ஒரு மின்சார எந்திரத்தைக் கண்டார். அது ஓடும்போது, சுழலும் பாகத்தில் ஓயாமல் பொறி பறந்தது. அந்தப் பாகமே இல்லாமல் மோட்டார் செய்ய முடியாதா என்று கேட்டார். அது நடக்கவே நடக்காது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

முதல் ஆண்டில் டெஸ்லா இரவு பகலாகப் படித்தார். பிறகு சூதாட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. பணம் போயிற்று. படிப்பும் பாதியில் நின்றது. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். அந்தப் பழக்கத்தைப் பின்னர் அடியோடு உதறினார்.

ஆனால் மோட்டாரை மட்டும் அவர் மறக்கவில்லை. 1882-ல் புடாபெஸ்ட் நகரத்துப் பூங்காவில் ஒரு நண்பருடன் உலாவிக்கொண்டிருந்தார். திடீரென்று விடை மனத்தில் பளிச்சிட்டது. ஒரு குச்சியை எடுத்து மணலில் படம் வரைந்து காட்டினார்.

அந்த யோசனை இதுதான். ஒரு வட்டத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள்களை வைக்க வேண்டும். அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் ஏறி இறங்க வேண்டும். அப்போது காந்த சக்தி வட்டமாகச் சுற்றும். நடுவில் உள்ள உருளையும் அதன் பின்னாலேயே சுழலும். உருளைக்குக் கம்பி இணைப்பு வேண்டாம். பொறியும் பறக்காது.

இன்று நம் வீட்டுக் கூரையில் சுற்றும் பழைய மாதிரி மின்விசிறியும், கிணற்றுப் பம்பு மோட்டாரும் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன. மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை. ஆகவே குளிர்சாதனத்தை இயக்க அங்கே தனி மோட்டார் வேண்டும். சுற்றும் காந்த சக்தியே அதையும் சுழற்றுகிறது.

பள்ளம் தோண்டிய மேதை

1884-ல் டெஸ்லா நியூயார்க் நகரில் வந்து இறங்கினார். சட்டைப்பையில் இருந்தது நான்கு சென்டு! எடிசனின் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எடிசன் ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரத்தை நம்பினார். டெஸ்லா திசை மாறி மாறி ஓடும் மாறு மின்சாரத்தை நம்பினார். சில மாதங்களில் டெஸ்லா அங்கிருந்து விலகினார்.

பிறகு சிலரோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். கூட்டாளிகள் அவரை வெளியே தள்ளிவிட்டார்கள். 1886-87 குளிர்காலத்தில் அவர் தெருவில் பள்ளம் தோண்டிப் பிழைத்தார். கூலி நாளுக்கு இரண்டு டாலர்.

1888-ல் காலம் மாறியது. அவருடைய மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற தொழிலதிபர் அதை வாங்கினார். ரொக்கத்தோடு இன்னொரு வருமானமும் உண்டு என்று ஒப்பந்தம். விற்கும் மோட்டாரின் ஒவ்வொரு குதிரைச் சக்திக்கும் இரண்டரை டாலர் தரவேண்டும்.

சில ஆண்டுகளில் வெஸ்டிங்ஹவுஸ் பெரும் பண நெருக்கடியில் சிக்கினார். டெஸ்லா தமக்கு வரவேண்டிய அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தார். தம்மை நம்பியவர் பிழைக்க வேண்டும், தம்முடைய மின்சாரம் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் எண்ணம். அந்தப் பங்கை வைத்திருந்தால் அவர் பெருஞ் செல்வராகியிருப்பார்.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய முறைப்படி விளக்குகள் எரிந்தன. சுவாமி விவேகானந்தர் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியதும் அதே ஆண்டு, அதே நகரில்தான். 1896-ல் நியூயார்க்கில் இருவரும் சந்தித்தார்கள். வேதாந்தம் கூறும் பிராணன், ஆகாசம் என்ற கருத்துகளை டெஸ்லா ஆவலோடு கேட்டார். அதே ஆண்டு நவம்பரில், நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் சுமார் 40 கிலோமீட்டர் தாண்டி பஃபலோ நகரை அடைந்தது.

இதற்கு நடுவே ஒரு பேரிடி. 1895 மார்ச் 13-ந் தேதி அவருடைய ஆராய்ச்சிக்கூடம் தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. இன்ஷூரன்ஸ் இல்லை. பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் போயிற்று. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

தொட்டியில் நடந்த அதிசயம்

1898-ம் ஆண்டு. நியூயார்க் மாடிசன் சதுக்கத்தில் மின்சாரக் கண்காட்சி. ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அதில் சுமார் நான்கடி நீளத்தில் ஓர் இரும்புப் படகு.

டெஸ்லா தூரத்தில் நின்று ஒரு பெட்டியின் கைப்பிடியைத் திருப்பினார். படகு நகர்ந்தது! வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் திரும்பியது. விளக்குகள் எரிந்து அணைந்தன. படகுக்கும் பெட்டிக்கும் நடுவே கம்பி எதுவும் இல்லை.

மக்கள் வாயடைத்துப் போனார்கள். சிலர் மந்திரம் என்றார்கள். பழக்கிய குரங்கு உள்ளே ஒளிந்திருக்கிறது என்று கூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்!

உள்ளே இருந்தது குரங்கு அல்ல. உலோகத் தூள் அடைத்த ஒரு சிறு குழாய். வானொலி அலை வந்து பட்டதும் அந்தத் தூளின் வழியே மின்சாரம் பாயும். உடனே ஒரு சக்கரம் ஒரு படி நகரும். ஒரு படிக்கு சுக்கான் வலப்பக்கம் திரும்பும். இன்னொரு படிக்கு இடப்பக்கம் திரும்பும். பிறகு குழாய் தலைகீழாகப் புரண்டு, தூளை உதறிக்கொண்டு, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்.

1898 நவம்பர் 8-ந் தேதி இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் படகை வாங்க யாரும் முன்வரவில்லை. அமெரிக்கக் கடற்படையும் அக்கறை காட்டவில்லை.

டெஸ்லாவுக்கு மற்றொரு கவலை. வேறொருவன் அதே அலையை அனுப்பினால் படகு அவன் சொல்லையும் கேட்குமே! இதற்கும் அவர் வழி கண்டார். இரண்டு விதமான அலைகள் சேர்ந்து வந்தால்தான் கருவி பணியும். ஒன்று மட்டும் வந்தால் அசையாது. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு போன்ற ஏற்பாடு அது. 1903-ல் அதற்கும் காப்புரிமை பெற்றார்.

இன்றைய கார்ச் சாவிக்கும் இதே கவலைதான். பொத்தானை அழுத்தியதும் சாவி, உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியின் சக்தியால் ஒரு வானொலி அலையை அனுப்புகிறது. அந்த அலையில் ஓர் இரகசிய எண் இருக்கிறது. பல கார்களில் அந்த எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அடுத்து வரவேண்டிய எண் எது என்பது காருக்கும் சாவிக்கும் மட்டுமே தெரியும். அதனால்தான் வரிசையாக நூறு கார்கள் நின்றாலும் நம் கார் மட்டும் கண் சிமிட்டுகிறது. பேட்டரி தளர்ந்தால் அலையும் தளரும். மிக அருகில் போய் அழுத்தினால்தான் கதவு திறக்கிறது என்றால், பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பாதியில் நின்ற கோபுரம்

புகழின் உச்சியில் டெஸ்லா மாபெரும் கனவு கண்டார். செய்தியை மட்டுமல்ல, மின்சாரத்தையே கம்பியில்லாமல் உலகெங்கும் அனுப்ப நினைத்தார். 1901-ல் லாங் ஐலண்டில் ஒரு கோபுரம் எழத் தொடங்கியது. உயரம் 187 அடி. ஜே.பி.மார்கன் என்ற கோடீசுவரர் 1,50,000 டாலர் கொடுத்தார்.

அதே ஆண்டு டிசம்பரில், மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வானொலிச் செய்தி அனுப்பிவிட்டார். செலவும் குறைவு. மேற்கொண்டு பணம் தர மார்கன் மறுத்துவிட்டார். கோபுரம் பாதியில் நின்றது. ஓட்டல் கடனுக்காக அந்த இடமே கைமாறியது. 1917-ல் கோபுரத்தை இடித்துத் தள்ளினார்கள்.

1909-ல் மார்க்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது. டெஸ்லாவுக்கு அது கிடைக்கவே இல்லை. ரேடியோ ஒரே ஒருவர் கண்டுபிடித்தது அல்ல. பலருடைய மூளை அதில் கலந்திருக்கிறது. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் கூட 1890-களில் கல்கத்தாவில், கம்பியில்லாமல் தூரத்து மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஆனால் காரில் நாம் நிலையத்தை மாற்றிக் கேட்கிறோமே, அப்படி வேண்டிய அலையை மட்டும் பிரித்தெடுக்கும் முறையில் டெஸ்லாவின் பங்கு பெரிது.

புறாக்களின் நண்பர்

டெஸ்லா மணம் செய்துகொள்ளவில்லை. ஓட்டல் ஓட்டலாக மாறி வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் நியூயார்க்கர் ஓட்டலின் 33-வது மாடியில் ஓர் அறை. வாடகையை வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி கட்டியது. புறாக்களுக்குத் தீனி போடுவதே அவருக்கு ஆறுதல்.

1937-ல் தெருவைக் கடக்கும்போது ஒரு டாக்சி அவரை மோதித் தள்ளியது. விலா எலும்புகள் முறிந்தன. டாக்டரிடம் போக மறுத்துவிட்டார். தொடாமலே வாகனத்தை ஓட்டிக் காட்டியவரின் உடல், அந்த விபத்துக்குப் பிறகு முழுதாகத் தேறவே இல்லை.

1943 ஜனவரி 7-ந் தேதி, 86 வயதில், அந்த அறையில் அவர் உயிர் பிரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இறுதிச் சடங்குக்குச் சுமார் 2,000 பேர் வந்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. மார்க்கோனியின் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்றது. டெஸ்லா உள்ளிட்ட சிலர் அதற்கு முன்பே அவற்றைச் செய்திருக்கிறார்கள் என்று காட்டியது. தீர்ப்பைக் கேட்க டெஸ்லா ஐந்து மாதம் முந்திப் போய்விட்டார்.

1960-ல் உலக விஞ்ஞானிகள் காந்த சக்தியை அளக்கும் அலகுக்கு டெஸ்லா என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் எந்திரத்தின் வலிமையைக் கூட அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். 2003-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு மின்சாரக் கார்க் கம்பெனியும் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

அவருடைய சாம்பல் இன்று பெல்கிரேடு நகரத்து மியூசியத்தில், பொன் முலாம் பூசிய ஓர் உருண்டைக்குள் இருக்கிறது. அவருடைய படகோ உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாவியின் பொத்தானை நாம் அழுத்தும் ஒவ்வொரு முறையும், அந்தத் தொட்டியில் நடந்ததுதான் நம் வீட்டு வாசலிலும் நடக்கிறது.