கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் முறையை நம்மில் அறியாதார் இலர். நூல் ஓரிடத்தினின்று வரும். துணி பிறிதோரிடத்திற் பின்னப்படும். சாயம் வேறோரிடத்தில் ஏறும். காலரும் பித்தானும் தனித்தனியே வந்து சேரும். தைப்பவர் இவற்றுள் ஒன்றையும் தாமே ஆக்குவதில்லை; முன்னரே செவ்வையாக ஆக்கப்பட்டவற்றை முறைப்படி ஒன்றுசேர்க்கின்றனர்.

இந்நாளில் கணினி பயிலும் மாணவர் செய்வதும் இதனையே ஒக்கும். கருந்திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டியவுடன், மென்பொருள் ஆக்குதற்கு வேண்டிய கருவிகள், தாம் சார்ந்து நிற்கும் துணைக்கருவிகளோடு, தொலைவிலுள்ள களஞ்சியத்தினின்று வந்து அமைகின்றன. அவற்றுள் முதன்மையானது தொகுப்பி. மாந்தர் எழுதும் நிரலைப் பொறி அறியும் எண்களாக மாற்றித் தருவது அதுவே. தமிழ்வழிக் கற்று வந்த மாணவர் பலர் அக்கருந்திரையின் முன் மருண்டு நிற்பர். யானும் அவருள் ஒருவன். அம்மருட்சியை நீக்க வல்லது, தொகுப்பியை முதன்முதல் ஆக்கியோருள் ஒருவராகிய கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வரலாறு.

அம்மையார் 1906-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். ஏழு வயதில், கடிகாரம் இயங்குமாற்றை அறிய விழைந்து, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிவிட்டார். அதனைக் கண்ட அன்னையார், ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றிப் பார்க்க இசைந்தார். வாசர் கல்லூரியில் 1928-இல் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்; தாம் பயின்ற வாசரிலேயே ஆசிரியராகவும் விளங்கினார்.

இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டகாலைக் கடற்படையிற் சேர விரும்பினார். வயது மிகுதி என்றும், உடல் எடை குறைவு என்றும் தடை எழுந்தது. அவர் சோர்ந்திலர், விதிவிலக்குப் பெற்று 1943-இன் இறுதியிற் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் கணிப்பொறியை இயக்கும் பணிக்கு அனுப்பப்பட்டார். அது 51 அடி நீளமுடையது.

அக்காலத்து நிரல் எழுதுவோர், முன்னரே பிழையறத் தேர்ந்த நிரற்பகுதிகளைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, வேண்டும்போது ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் படியெடுத்தனர். ஏடு பெயர்த்தெழுதுவோர் கையிற் பிழை புகுதல் தமிழ் மாணவர் நன்கறிந்ததே. அங்கும் அவ்வாறே பிழைகள் மலிந்தன. படியெடுக்கும் தொழிலைப் பொறியே செய்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார்.

1949-இல் யூனிவாக் கணிப்பொறியை ஆக்கிய நிறுவனத்திற் சேர்ந்த அவர், 1952-இல் அவ்வெண்ணத்தை முடித்துக் காட்டினார். நிரற்பகுதிகள் காந்த நாடாவிற் பதியப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் இடப்பட்டது. எண்களை வரிசையாகக் கொடுத்தால், பொறியே அப்பகுதிகளைத் தேடியெடுத்துக் கோத்து முழு நிரலாக்கித் தந்தது. சிதறிக் கிடந்த செய்யுட்களைச் சான்றோர் எட்டுத்தொகையாகத் தொகுத்தாற்போலத் தொகுத்தமையின், தொகுப்பி என்னும் பெயர் அதற்கு மிகப் பொருந்துவதாயிற்று. ஆயினும், பொறி எண்களைக் கூட்டிக் கழிக்குமேயன்றி நிரலை ஆக்காதென்று கூறி, அதனை நம்பினார் சிலரே.

அம்மையார் மேலும் ஒருபடி சென்றார். குறியீடுகளைக் கண்டு வணிகர் அஞ்சுதலை உணர்ந்து, ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் முறையை வகுத்தார். பின்னர் அக்கட்டளைகளைப் பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் அமைத்துப் பொறி பணிவதை மேலாளர்க்குக் காட்டினார். அமெரிக்கப் பொறி அயன்மொழி அறிதல் கூடுமோ என்று அவர் வெருண்டனர். பொறிக்குத் தாய்மொழி இல்லை. எம்மொழிச் சொல்லாயினும் அதற்கு வெறும் குறிகளின் வரிசையே என்பதை அவர் உணர்ந்திலர். எனினும் அம்மையார் வகுத்த முறையைத் தழுவியே 1959-இல் அறிஞர் குழு ஒன்று கோபோல் என்னும் நிரல்மொழியை வகுக்கத் தொடங்கியது.

1966-இல் ஓய்வு பெற்ற அவரை, மறு ஆண்டே கடற்படை மீள அழைத்தது. 1986-இல், 79-ஆம் வயதில், ரியர் அட்மிரலாக விடைபெற்றார். 1992-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1997-இற் பணியிற் சேர்க்கப்பட்டது.

மாணவத் தோழர்காள்! இன்றும் நாம் தட்டும் கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலமே. அது மாந்தர் வகுத்த வழக்கேயன்றிப் பொறியின் இயல்பன்று. தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட எழில் என்னும் நிரல்மொழி இதற்குச் சான்று. வழக்காயின் கற்கலாம், வேண்டின் மாற்றவும் செய்யலாம். கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்த அச்சிறுமியின் துணிவு நமக்கும் உண்டாகுக.