அம்பேத்கர் எதிர்த்த மானியம்

நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரையில் கூடும் பெண்களைக் காட்டி, சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்று டீக்கடையில் பேசுவது நம் திருவண்ணாமலைப் பக்கத்தில் வாடிக்கை. அரசு கொடுக்கும் காசுக்கு என்ன வேலை வாங்கலாம், யாரிடம் வாங்கலாம் என்ற கேள்வி இன்று பிறந்ததல்ல. அந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர் அண்ணல் அம்பேத்கர். சட்டமேதை என்று ஊருக்கு ஊர் சிலை வைத்த நாம், அவருடைய இந்தப் போராட்டத்தை அதிகம் பேசுவதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜியின் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார். குடும்பம் மகர் சாதி. மராட்டிய கிராமங்களில் மகர்களுக்கு ‘வதன்’ என்றொரு ஏற்பாடு இருந்தது. துண்டு நிலமும் அறுவடையில் கொஞ்சம் தானியமும் பரம்பரையாகக் கிடைக்கும். பதிலுக்கு, அதிகாரி கூப்பிட்டால் இரவு பகல் பாராமல் ஓட வேண்டும். சாவுச் சேதி சொல்ல வேண்டும், செத்த மாட்டை அகற்ற வேண்டும். ஆண் வர முடியாவிட்டால் வீட்டில் இருக்கும் வேறொருவர் போயாக வேண்டும். நம் ஊரில் வெட்டியானும் தோட்டியும் மானியத்துக்காகச் செய்த வேலையை நினைத்துக்கொண்டால் இது புரிந்துவிடும். வெட்டி என்றால் கூலியில்லாத கட்டாய உழைப்பு. அந்தச் சொல்லுக்கு வீண் வேலை என்று பொருள் வந்து சேர்ந்தது எவ்வளவு பெரிய அநியாயம்!

அம்பேத்கருக்கும் ஒரு நிபந்தனை வந்தது. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வந்து பத்தாண்டு பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம். 1917இல் சொன்னபடி போனார். ராணுவச் செயலாளர் பதவி. ஆனால் ஏவலர்கள் தீட்டுக்குப் பயந்து கோப்புகளை மேசையில் வீசினார்கள். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சிப் பெயரைச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாளில் தடியோடு வந்தவர்கள் வெளியே துரத்தினார்கள். பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டவர், பம்பாய்க்கு ரயிலேறினார். ஒப்பந்தத்தை முறித்தது அவரா, வேலை செய்ய விடாத ஊரா? வேலை செய்தால்தான் உதவி என்பவர்கள் இன்றும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் வதன் முறையை மாற்ற மசோதா கொண்டுவந்தார். முழுத் தீர்வை கட்டி நிலத்தை வைத்துக்கொண்டு ஊழியத்திலிருந்து விடுபடலாம். ஊழியம் செய்பவருக்கு ஒழுங்கான கூலி வேண்டும். இதுதான் அவர் கேட்டது. அந்தத் துண்டு நிலம் மகர்களின் முன்னேறும் ஆசையையே கொன்றது என்பது அவர் வாதம். சட்டமன்றம் இசையவில்லை, 1929இல் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1937இல் மறுபடி கொண்டுவந்தார்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. ஆலைத் தொழிலாளியின் வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது அந்தக் காலத்தில்தான். நம் பிள்ளைகள் பதிவு செய்யும் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கும் அப்போதுதான் அடித்தளம் போடப்பட்டது.

பிறகு அரசியல் சட்டம். கட்டாய உழைப்பை 23ஆம் பிரிவு தடை செய்கிறது. பொதுக் காரியத்துக்கு அரசு கட்டாயப் பணி கேட்கலாம். ஆனால் சாதி பார்த்துக் கேட்கக் கூடாது. 41ஆம் பிரிவு வேலைக்கான உரிமையையும், வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றில் அரசு உதவியையும் பேசுகிறது. நீதிமன்றம் போய்ப் பெறக்கூடிய உரிமையாக இல்லாமல், வழிகாட்டு நெறியாகவே அது நின்றுவிட்டது.

அதற்குச் சட்ட உருவம் கொடுத்தது 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம். கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால் அரசு படி கொடுக்க வேண்டும் என்றது. நிபந்தனை அரசுக்கும் உண்டு என்றான இடம் அது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாள்களை 125 ஆக்கியது. கூடவே, விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தது. அந்த 60 நாளும் சேரிப் பெண் யார் நிலத்துக்கு, யார் சொல்லும் கூலிக்குப் போக வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று காலமானார். வதன் ஒழிப்புச் சட்டம் பம்பாய் மாநிலத்தில் வந்தது 1958இல்.