பகலில் கணக்கு, இரவில் ஒலி ஆராய்ச்சி: சர் சி.வி.ராமன் வாழ்க்கை

பாறசாலை மகாதேவர் கோவில் திருவிழாவில் செண்டை முழங்கினால் தூரத்தில் உள்ள வீடுகளுக்கும் கேட்கும். மிருதங்கம் அப்படி முழங்குவதில்லை. அது பாட்டோடு சேர்ந்து தானும் பாடுகிறது.

இரண்டுமே தோல் கருவிகள். இரண்டும் பலா மரத்தில் கடைந்து செய்யப்படுபவை. அப்படி இருக்க, ஒன்று முழங்குவதும் மற்றொன்று பாடுவதும் ஏன்?

இதற்கு விஞ்ஞான முறையில் விடை கண்டவர் சர் சி.வி.ராமன். நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது ஒளி ஆராய்ச்சிக்காக. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அவர் பெரும்பாலும் ஆராய்ந்தது ஒலியைத்தான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் கல்லூரி ஆசிரியர் அல்ல. சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்.

திருவானைக்காவலில் பிறந்தார்

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யர், தாயார் பார்வதி அம்மாள். தந்தை விசாகப்பட்டினம் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். நன்றாக வயலினும் வாசிப்பார். எனவே சிறு வயதிலேயே ராமனுக்குப் பௌதிகப் புத்தகமும் வயலின் தந்தியும் ஒரே வீட்டில் கிடைத்தன.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ. பட்டமும் 1907-ல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். மேல்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடம் தரவில்லை. அந்தக் காலத்தில் இந்தியாவில் விஞ்ஞானத்தை நம்பிக் குடும்பம் நடத்த வழி இல்லை. நிதி இலாகா தேர்வு எழுதி முதலாவதாகத் தேறினார். அதே 1907-ல் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். அவர் வீணை வாசிக்கத் தெரிந்தவர். மனைவியுடன் கல்கத்தா சென்று, உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக வேலையில் சேர்ந்தார்.

டிராமில் இருந்து பார்த்த பலகை

ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது, பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. விஞ்ஞானத்தை வளர்ப்பதற்காக மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் தொடங்கிய சங்கம் அது. கட்டிடம் இருந்தது. கருவிகளும் ஓரளவு இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை.

அங்கே ராமனுக்குக் கதவைத் திறந்தவர் அசுதோஷ் தே என்ற ஊழியர். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. ஆனால் ராமனுக்கு வலது கையாக இருந்தார். பின்னர் ஆராய்ச்சிக் கட்டுரையில் ராமன் பெயருடன் அவர் பெயரும் சேர்ந்தே அச்சானது.

அதிகாலையில் சோதனைச்சாலை, பகலில் ஆபீஸ், மாலையில் மீண்டும் சோதனைச்சாலை, இரவில் வீடு. ராமனின் நாட்கள் இப்படியே கழிந்தன. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. 1911-ல் கல்கத்தா திரும்பியதும் விட்ட இடத்தில் தொடங்கினார்.

கையில் கிடைத்ததே கருவி

ஒலியை ஆராய அவருக்குப் பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை. இசைக்கவை, கம்பி, வில், தோல் இவையே போதுமானதாக இருந்தன. அதிரும் கவையில் கட்டிய நூல் எப்படி அலை அலையாக எழுகிறது என்று பார்த்தார். தெருப்பாடகர்கள் மீட்டும் ஒற்றைத் தந்தி ஏக்தாராவைப் பற்றியும் 1909-ல் கட்டுரை எழுதினார்.

வீணையும் தம்புராவும் அவருக்கு ஒரு புதிரைக் காட்டின. தந்தியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாமல் நிற்கவேண்டிய அதிர்வு எழாது என்பது ஐரோப்பிய விஞ்ஞானிகள் சொன்ன விதி. நம் வீணையில் அது எழுந்தது! குதிரையின் வளைந்த மேற்பரப்பில் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதே காரணம் என்று ராமன் விளக்கினார். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூலுக்கும் இதுதான் வேலை.

வயலினை ஆராய 1920-ல் ஓர் இயந்திரமே செய்தார். அதில் வில் அசையாது, வயலின்தான் முன்னும் பின்னும் நகரும். வில்லை எவ்வளவு அழுத்தவேண்டும், எவ்வளவு வேகத்தில் இழுக்கவேண்டும் என்பதை அதில் அளந்தார்.

கரணையின் ரகசியம்

சாதாரணத் தோலைத் தட்டினால் பல அதிர்வுகள் ஒன்றாகக் கிளம்பும். முதல் அதிர்வு 1 என்றால், அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். அதனால் கேட்பது சத்தம், சுருதி அல்ல.

மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக அப்பும் கரணை இதை மாற்றிவிடுகிறது. கரணை நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருப்பதால், அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன. செண்டையின் அடிக்கும் தோலில் கரணை இல்லை.

தோலின் மேல் நுண்ணிய மணலைத் தூவித் தட்டினால், அதிராத கோடுகளில் மணல் போய்ச் சேரும். ராமன் இப்படித்தான் அதிர்வுகளைக் கண்ணால் காட்டினார். மிருதங்கக் கலைஞர் மோதிர விரலை லேசாக வைத்து ஆள்காட்டி விரலால் ஓரத்தில் தட்டுவதன் காரணமும் இதில் விளங்கிற்று. பெயர் தெரியாத நம் முன்னோர் கையாலும் காதாலும் கண்டுபிடித்ததை ராமன் உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

பாதிச் சம்பளத்துக்கு வந்தார்

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் சர்க்கார் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான். உயர்ந்த பதவியும் ஓய்வூதியமும் காத்திருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ராமன் பேராசிரியர் ஆனார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய முடிவு என்று தெரியும்.

1921-ல் லண்டன் சென்றபோது, செயின்ட் பால் ஆலயத்தின் வட்ட மாடத்தில் முணுமுணுப்பு சுவரை ஒட்டி ஓடி எதிர்ப்பக்கம் கேட்பதை ஆராய்ந்தார். இந்தியா திரும்பியபின் பிஜப்பூர் கோல்கும்பாசிலும் அதே சோதனையைச் செய்தார். அந்தக் கப்பல் பயணத்தில் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் திருப்பியது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு பிறந்தது. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1954-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார்.

ஆனாலும் ஒலியை அவர் விட்டுவிடவில்லை. பெங்களூரில் 1970 அக்டோபர் 2-ல் அவர் ஆற்றிய காந்தி நினைவுச் சொற்பொழிவு, காதுக்குள் இருக்கும் நத்தை வடிவ உறுப்பையும் கேட்கும் திறனையும் பற்றியதே. அடுத்த மாதம் 21-ந் தேதி காலமானார்.

பிள்ளைகள் செய்து பார்க்கலாம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் பள்ளியில் ஒலிப் பாடத்தை மனப்பாடம் செய்வது உண்டு. ராமன் நடந்த வழியில் அதைக் கையாலும் கற்கலாம்.

கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறு நுனியை ஆட்டவேண்டும். மெதுவாக ஆட்டினால் ஒரு வளைவு. இரண்டு மடங்கு வேகமாக ஆட்டினால் இரண்டு வளைவு. நடுவில் ஓர் இடம் அசையாது நிற்கும். வயலின் தந்தியிலும் நடப்பது இதுதான்.

ஒரு சிரட்டையின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் கொஞ்சம் ரவையைத் தூவவேண்டும். பக்கத்தில் தட்டைத் தட்டினால் ரவை குதிக்கும். ஒலி காற்றில் அலையாக வந்து தோலை அசைப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

பிறகு ரவையைத் துடைத்துவிட்டுத் தோலைத் தட்டிக் கேட்கவேண்டும். நடுவில் பிசைந்த சோறு கொஞ்சம் ஒட்டி மீண்டும் தட்டினால், சுருதி இறங்கும். கரணை வேலை செய்யும் விதத்தின் முதல் பாடம் இது.

இதற்குக் காசு செலவு இல்லை. வேலை முடிந்து வந்தபின் பெற்றோர் அரை மணி நேரம் கூட உட்கார்ந்தால் போதும். ராமனும் ஆபீஸ் நேரம் போக மிஞ்சிய நேரத்தில்தான் விஞ்ஞானி ஆனார்.