அயலவரின் கடிதமும் முல்லரின் ஜெபமும்

பிரசியாவில் 1805இல் பிறந்த ஜோர்ஜ் முல்லர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வில்சன் வீதியிலே நான்கு வாடகை வீடுகளில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்து வந்தார். 1845 ஒக்டோபர் இறுதியில் அயலவர் ஒருவர், பிள்ளைகளின் இரைச்சல் தொல்லையாய் இருப்பதாகப் பண்போடு எழுதியிருந்தார்.

முல்லர் கோபிக்கவுமில்லை, உடனே வேறிடம் தேடி ஓடவுமில்லை. சில மணிநேரத்தை ஒதுக்கி, போவதற்கான நியாயங்களையும் இருப்பதற்கான நியாயங்களையும் எழுதி, ஆண்டவர் சமுகத்தில் வைத்தார். ஜெபிப்பவன் யோசிக்கத் தேவையில்லை என எண்ணுவோர் நம்மிடையே உண்டல்லவா? அவருக்கோ எழுதுகோலும் ஜெபத்தின் துணையாயிற்று.

சொந்த இல்லம் கட்டுவதே தேவசித்தம் எனத் தெளிந்தார். அதற்கான பணமோ இல்லை. மனைவி மேரியுடன் நாள்தோறும் ஜெபித்தார். 36ஆம் நாள் 1,000 பவுண் நன்கொடை கிடைத்தது.

1846 பெப்ரவரியில், அஷ்லி டவுனிலுள்ள நிலமொன்றின் உரிமையாளரை ஒரே நாளில் இருமுறை தேடிச் சென்றும் காணமுடியவில்லை. இத்தடங்கலிலும் ஆண்டவரின் கரம் இருக்கலாமென்று, மேலும் பின்தொடராமல் வீடு திரும்பினார். அன்றிரவு அதிகாலை மூன்று மணிமுதல் ஐந்து மணிவரை அந்த உரிமையாளருக்கு உறக்கம் வரவில்லை. நிலத்தைப் பற்றிய நினைவே. ஏக்கருக்கு 200 பவுண் கேட்டிருந்தவர், மறுநாள் 120 பவுணுக்கே கொடுக்க இணங்கினார்.

1849இல் 300 பிள்ளைகளுக்கான இல்லம் அந்நிலத்தில் திறக்கப்பட்டது.