பச்சைத் துண்டுப் பேராசிரியர்

மைசூர், மாண்டியா பகுதிகளில் தாலுகா ஆபீசுக்கோ சந்தைக்கோ வரும் விவசாயிகள் பலரின் தோளில் பச்சைத் துண்டைக் காணலாம். அது வெயிலுக்காகப் போட்டதல்ல. கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தின் அடையாளம். அந்தத் துண்டுக்கு மதிப்புத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசாமி.

1936-ல் பிறந்த அவர், சட்டம் படித்துச் சட்டப் பேராசிரியரானார். லோகியாவின் சோஷலிசக் கொள்கையில் ஈடுபாடு கொண்டவர். 1980 ஜூலையில் வட கர்நாடகத்தில் நவலகுந்து, நரகுந்து ஊர்களில், பாசன வரியை எதிர்த்த விவசாயிகள் மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். மாநிலமே கொதித்தது. அதே ஆண்டில் ருத்ரப்பா, சுந்தரேஷ் ஆகியோருடன் சேர்ந்து ரைத சங்கத்தை உருவாக்கினார்.

அந்நாளில் கடன் தவணை தவறினால், அதிகாரிகள் வீடு புகுந்து பண்டபாத்திரங்களை ஜப்தி செய்வது வழக்கம். கடனைவிட, ஊரார் கண்ணெதிரே நடக்கும் அந்த அவமானம்தான் விவசாயியை வாட்டியது. நஞ்சுண்டசாமி வேறு கணக்குப் போட்டார். விளைபொருளுக்கு நியாய விலை கிடைக்காமல் செய்வது அரசு; ஆகவே கடன்பட்டிருப்பது அரசே தவிர விவசாயி அல்ல என்பது அவர் வாதம். அனுமதியின்றி அதிகாரிகள் நுழையக் கூடாது என்று கிராம எல்லைகளில் பலகைகள் எழுந்தன. ஜப்தியான பொருள்களைச் சங்கத்தார் திரண்டு சென்று மீட்டு வந்தனர். தமிழ்நாட்டில் நாராயணசாமி நாயுடு மின் கட்டணத்துக்கும் கடனுக்கும் எதிராக விவசாயிகளைத் திரட்டியதும் ஏறக்குறைய இதே காலம்தான்.

பின்னர் நஞ்சுண்டசாமி தேர்தலிலும் இறங்கி, தார்வாட் பகுதியிலிருந்து சட்டசபைக்குச் சென்றார். ஆனால் ஊர்வலத்தில் லட்சம் பேர் வந்தாலும், சட்டசபையில் சங்கத்துக்கு ஒன்றிரண்டு இடங்களே கிடைத்தன. போராட்டத்தில் ஒன்றுபட்டவர்கள், ஓட்டுப் போடும்போது ஜாதி, கட்சி என்று பிரிந்தனர். அவர் காலத்திலேயே சங்கமும் பிளவுபட்டது.

ஆயினும் அவர் பெயர் கடல் கடந்தது. விதை உரிமை அன்னியக் கம்பெனிகளிடம் போய்விடும் என்று எச்சரித்தார். 1992 டிசம்பரில் பெங்களூர் கார்கில் விதைக் கம்பெனி அலுவலகத்துக் கோப்புகளை விவசாயிகள் வெளியே எறிந்து கொளுத்தினர். 1998-ல் மரபணு மாற்றப் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எரித்தனர். 1999-ல் நூற்றுக்கணக்கான விவசாயிகளுடன் ஐரோப்பாவுக்கே சென்று முழங்கினார். இவ்வகைப் போராட்டங்களைக் குறைகூறியவர்களும் உண்டு. விவசாயிகளிலேயே சிலர் புதிய விதைகளை விரும்பினர்.

2004 பிப்ரவரி 3-ல் புற்றுநோயால் காலமானார். விவசாயியின் கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்றவர்கள், உள்ளே சென்று நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்கத் துணிந்தார்கள். அதுவே அவர் சேர்த்துவைத்த சொத்து.