வளைந்த செங்கோல்!

குரங்கணி மலையில் இருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு, போடிநாயக்கனூர் வழியாக ஓடி வைகையில் கலக்கிறது. அந்த வைகைக் கரையில் உள்ள மதுரையை, முன்னொரு காலத்தில் ஆண்டவர் பாண்டியன் நெடுஞ்செழியன். வடநாட்டுப் படையை வென்றதால், 'ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன்' என்று பெயர் பெற்றார்.

இவர் வீரர் மட்டும் அல்ல, புலவரும் கூட. புறநானூற்றில் 183ம் பாடல் இவர் பாடியது தான். ஆசிரியருக்கு உதவி செய்தும், பொருள் கொடுத்தும், பணிவோடு கல்வி கற்க வேண்டும். பிறப்பாலும், வயதாலும் வருவதை விட, கல்வியால் வரும் பெருமையே உயர்ந்தது என்பது அதன் கருத்து.

இவ்வளவு அறிந்த மன்னர், ஒரு நாள் அவசரப்பட்டு விட்டார். அந்தக் கதையை சிலப்பதிகாரம் சொல்கிறது.

புகாரில் இருந்து பிழைப்புத் தேடி வந்த கோவலன், மனைவி கண்ணகியின் கால் சிலம்பு ஒன்றை விற்க, மதுரை வீதிக்கு வந்தான். அரசியின் சிலம்பை முன்பே திருடியிருந்த பொற்கொல்லன், அவனையே திருடன் என்று மன்னரிடம் சொன்னான். கோபத்தில் இருந்த அரசி கோப்பெருந்தேவியை சமாதானப்படுத்தப் போய்க் கொண்டிருந்தார் மன்னர். நின்று விசாரிக்கவில்லை. சிலம்பு அவனிடம் இருந்தால், கொன்று விட்டுக் கொண்டு வரும்படி காவலர்களுக்கு உத்தரவிட்டார். கோவலன் கொல்லப்பட்டான்.

மற்றொரு சிலம்புடன் அரண்மனைக்கு வந்தாள் கண்ணகி. மன்னர் அவளை விரட்டவில்லை. அவள் வழக்கைக் கேட்டார். தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள் கண்ணகி. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. கோவலனிடம் இருந்து எடுத்த சிலம்பைக் கொண்டு வரச் செய்தார் மன்னர். கண்ணகி அதை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது!

மன்னருக்கு உண்மை புரிந்தது. பொற்கொல்லன் மீது பழியைப் போட்டுத் தப்பிக்க நினைக்கவில்லை. அவன் பேச்சை விசாரிக்காமல் நம்பிய தானே கள்வன் என்று, சபை நடுவே ஒப்புக்கொண்டார். அப்போதே அரியணையில் இருந்து விழுந்து உயிர் விட்டார். அந்தத் துயரம் தாங்காமல் அரசியும் இறந்தாள்.

கண்ணகியின் கோபத்தில் மதுரை எரிந்தது. பிறகு அவள் வைகைக் கரை வழியே, மேற்கு மலையை நோக்கி நடந்தாள். தேனி மாவட்டம், கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் கண்ணகி கோவில் உள்ளது. ஒவ்வொரு ஆண்டும் சித்ரா பவுர்ணமி அன்று பக்தர்கள் மலையேறி வழிபடுகின்றனர்.

மன்னரின் உயிர் போனாலும், கோவலனின் உயிர் திரும்பவில்லை. தவறை ஒப்புக்கொள்வது பெரிய குணம் தான். அதை விட நல்லது, தீர்ப்பு சொல்லும் முன், இரு பக்கமும் கேட்பது. குட்டீஸ்... நண்பன் மீது யாராவது குறை சொன்னால், முதலில் அவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!