அங்கேரி நாட்டு எலிசபெத்து அம்மையார்

இத்தாலி நாட்டில் அசிசி என்னும் நகரத்துத் துணி வணிகர் ஒருவரின் மைந்தராகிய பிரான்சிசு அடிகள், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்தையின் செல்வத்தை உதறிவிட்டு, வறுமையையே தம் வாழ்க்கைத் துணையாக ஏற்றார். அவர்பால் ஈர்க்கப்பட்டோர் பலர். மணம் புரியாது, பொருள் சேர்க்காது, அவரைப் போலவே ஊர் ஊராய்ச் சென்று தொண்டு புரிந்த ஆடவர் முதற் சபையாராயினர். கிளாரா அம்மையாரைப் பின்பற்றிய பெண்துறவியர் இரண்டாம் சபையாராயினர். மனைவியும் மக்களும் கடையும் கழனியும் உடையவராய், அவற்றை விட்டு நீங்க இயலாத எளிய மக்களும் அடிகளின் நெறியில் நிற்க விரும்பினர். அவர்கள் இல்லத்தில் இருந்தபடியே அந்நெறியில் ஒழுகுவதற்கென அமைந்ததே மூன்றாம் சபையாகும்.

1221-ஆம் ஆண்டில் இவ்வில்லறத்தார்க்கென ஓர் ஒழுங்கு எழுதப்பெற்றது. சாயமேற்றாத மலிந்த துணியை உடுத்தல் வேண்டும். விருந்துகளிலும் கூத்துகளிலும் கலந்துகொள்ளுதல் ஆகாது. முறைகேடாய்க் கொண்ட பிறர்பொருளைத் திருப்பித் தருதல் வேண்டும். பகைத்தோரோடு இணங்குதல் வேண்டும். திங்கள்தோறும் கூடி, இல்லாதவர்க்கென ஒரு காசு ஈதல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. கொலைக்கருவி ஏந்தலாகாது என்றும், இன்றியமையாத இடத்தன்றிச் சூளுரைத்தல் ஆகாது என்றும் அது விலக்கிற்று. மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இவை எளிய விதிகளாகவே தோன்றும். அக்காலத்துக் குடிமக்களோ, தம் தலைவர்க்குச் சூளுரைத்து, அவர் அழைத்தபோதெல்லாம் படைக்கலம் ஏந்திச் செல்லும் கடப்பாடு உடையவர். ஆதலின், அடக்கமாக எழுதப்பெற்ற இவ்விரு விதிகளும் இத்தாலிய நகரங்கள் சிலவற்றில் ஆள்வோர்க்கும் இச்சபையார்க்கும் இடையே பெரும்பூசலை விளைத்தன.

ஆள்வோர் குடியிலேயே பிறந்து இந்நெறியை மேற்கொண்டவர் எலிசபெத்து அம்மையார். அவர் முறைப்படி இச்சபையிற் சேர்ந்தவரா என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுவர். ஆயினும், பிரான்சு நாட்டு மன்னர் ஒன்பதாம் லூயியையும் இவரையுமே அச்சபையார் தம் காவலராகப் போற்றி வருகின்றனர்.

எலிசபெத்து 1207-ஆம் ஆண்டில் அங்கேரி மன்னர் இரண்டாம் ஆந்திரேயாவின் மகளாய்ப் பிறந்தார். தாயார் பெயர் கெர்த்துரூது. அரசர்கள் தம் நாட்டெல்லையைக் காக்கப் படையைப் போலவே பெண்மக்களையும் கருவியாகக் கொண்ட காலம் அது. நான்கு வயதுக் குழவியாய் இருக்கும்போதே, செருமானிய நாட்டுத் தூரிங்கியாவின் கோமான் எர்மானின் குடும்பத்துக்கு மருமகளாதற்பொருட்டு எலிசபெத்து அனுப்பப்பெற்றார். பெற்றோரையும் தாய்மொழியையும் பிரிந்து அயலவர் நடுவே வளர்ந்த அச்சிறுமிக்கு ஆறு வயது நிரம்புங்கால், தாயார் பகைவரால் கொலையுண்ட செய்தி வந்தது. எர்மானின் மூத்த மகன் 1216-இல் இறந்தான். மறு ஆண்டில் எர்மானும் மறைந்தார். அடுத்த மகனாகிய லூத்விக் கோமானாகி, 1221-இல் எலிசபெத்தை மணந்தார். மணமகனுக்கு வயது இருபத்தொன்று, மணமகளுக்குப் பதினான்கு.

அரசியல் நோக்கத்தாற் கூட்டப்பெற்ற மணங்களில் அன்பு மலர்தல் அரிது. இங்கோ அது மலர்ந்தது. கணவர் வெளியூர் செல்லுங்கால் அம்மையார் அணிகலன்களைக் களைந்து எளிய உடை பூணுவார். அவர் மீண்டு வரும் நாளில் மகிழ்வுடன் தம்மை அணி செய்துகொள்வார். எர்மான், சோபியா, கெர்த்துரூது என மூன்று மக்கள் பிறந்தனர். பிரான்சிசு அடிகளின் தொண்டர்கள் செருமானிய நாட்டுக்கு வந்ததும் மணம் நிகழ்ந்த அதே ஆண்டில்தான். அவர்களுள் ஒருவரிடமே அம்மையார் அந்நெறியின் இயல்பை முதலிற் கற்றார் என்பர். கம்பளி நூற்கும் பழக்கமும் அரண்மனையிலேயே தொடங்கிற்று. பணிப்பெண்களோடு தாமும் அமர்ந்து நூற்று, அதனால் நெய்த துணியை ஏழையர்க்கு அளித்தார்.

1226-ஆம் ஆண்டில் கொன்ராது என்னும் குருவானவர் அம்மையாருக்கு ஞானவழிகாட்டியாய் அமைந்தார். அவர் விதித்த கட்டளைகளுள் ஒன்று வியத்தற்குரியது. குடிகளிடம் முறைகேடாய்ப் பறித்த பொருளாலாகிய உணவை உண்ணலாகாது என்பதே அது. அரண்மனையில் உண்போர் யார்தாம் இச்சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பர்? அம்மையார் கேட்டார். கணவரின் நேரிய வருவாயிலிருந்து வந்தது இவ்வூன்தானா, இத்திராட்சை மது யார் நிலத்தது என ஒவ்வொரு கலத்தையும் வினவி அறிந்த பின்னரே உண்பார். பெருவிருந்தின் நடுவே, உண்பவர் போல அப்பத்தைப் பிட்டுப் பிறர்க்குப் பரிமாறி, தாம் பசியோடு எழுந்த நாள்கள் பல. உணவும் நேரியது, பருகுவதும் நேரியது என்று தெரிந்தால் சிறுமியைப்போல் கைகொட்டி மகிழ்வாராம். தோழியர் சிலரும் இந்நோன்பை மேற்கொண்டனர். வீட்டாரின் பழிச்சொல்லுக்கு அஞ்சியிராவிட்டால் தாமும் அவ்வாறே ஒழுகியிருப்பதாக லூத்விக்கும் மனைவியிடம் கூறினார். தானம் செய்யும் செல்வரை எந்நாட்டிலும் காணலாம். தானத்துக்குரிய பொருள் வந்த வழியை ஆராய்ந்தவரைக் காண்டல் அரிது.

அவ்வாண்டிலேயே நாட்டிற் கொடிய பஞ்சம் தோன்றிற்று. லூத்விக் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அழைப்பை ஏற்று இத்தாலிக்குச் சென்றிருந்தார். ஆட்சிப் பொறுப்பு பத்தொன்பது வயது இளம்பெண்ணின் கையில் இருந்தது. அம்மையார் களஞ்சியங்களைத் திறக்கச் செய்து, நாள்தோறும் அவ்வந்நாளுக்கு வேண்டிய அளவு தானியம் வழங்கினார். வார்ட்பர்க் கோட்டை நின்ற குன்றின் அடியிலே இருபத்தெட்டுப் படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றை எழுப்பினார். செங்குத்தான வழியில் இறங்கிச் சென்று, நோயாளரைத் தம் கையாலேயே பேணினார். நம் மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. எலிசபெத்து அம்மையாரின் களஞ்சியமோ அளக்க அளக்கக் குறைந்தது. அது தீர்ந்தால் என் செய்வது என்று அதிகாரிகள் கலங்கினர். அம்மையார் வெறுங்கொடையோடு நின்றாரல்லர். புதிய விளைச்சல் முதிர்ந்தவுடன், உடல் வலிமை உடையோர்க்குக் கதிரரிவாளும், அறுத்த தாள் காலில் குத்தாதிருக்க மிதியடியும், உடுக்க மேலாடையும் கொடுத்து, உழைத்துண்ணுமாறு வயலுக்கு அனுப்பினார். லூத்விக் திரும்பியபோது அதிகாரிகள் களஞ்சியம் வெறுமையான கதையைக் குறையாகக் கூறினர். கோட்டைகள் தம் கைவிட்டுப் போகாத வரையில் மனைவி விரும்பியவாறே கொடுக்கட்டும் என்று அவர் அக்குறையைத் தள்ளிவிட்டார்.

அம்மையார் மறைவாய் எடுத்துச் சென்ற அப்பம் கணவர் கண்ணுக்கு உரோசா மலர்களாகத் தோன்றிற்று என்னும் கதை பெரிதும் வழங்குகின்றது. அது பிற்காலத்தார் புனைந்தது. வேறு சில அடியார்கள்மீதும் ஏற்றிக் கூறப்படுவது. மனைவியின் கொடையைத் தடுத்த கணவர் என லூத்விக்கைக் காட்டுவதால் அக்கதை அவருக்கு இழுக்கையும் தேடித் தருகின்றது.

இவ்வின்பம் நீடிக்கவில்லை. 1227-இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட லூத்விக், இத்தாலியின் தென்கோடியிலுள்ள ஒத்திராந்தோ துறையில், செப்டம்பர் 11-ஆம் நாள் நச்சுக்காய்ச்சலால் மாண்டார். அச்செய்தி வார்ட்பர்க்கை எட்டுமுன்பே, அம்மாத இறுதியில், மூன்றாம் குழந்தை பிறந்தது. இருபது வயதில் கைம்பெண்ணான அம்மையாரின் நிலை தலைகீழாயிற்று. மைத்துனர் ஐன்றிக் ஆட்சியை ஏற்றார். அவர் அம்மையாரை வெளியேற்றினார் என்பர் சிலர். நேரிய உணவுக்குரிய வருவாயை மறுத்தமையால் அம்மையார் தாமே வெளியேறினார் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், குளிர்காலத்து இரவொன்றில் அரசமாதேவி ஐசநாக்கு நகரில் தங்க இடமின்றி நின்றார். முன்னர்ப் பன்றிகளை அடைத்து வைத்திருந்த கொட்டில் ஒன்றே கிடைத்தது. நள்ளிரவில் வழிபாட்டு மணியொலி கேட்கவே, அம்மையார் பிரான்சிசு சபைத் துறவியரிடம் சென்று, தமக்கு வந்த துன்பத்துக்காக இறைவனுக்கு நன்றிப் பாடல் பாடுமாறு வேண்டிக்கொண்டார். மறுநாள் மக்கள் மூவரும் அக்குளிரிலேயே அவரிடம் கொண்டுவரப்பெற்றனர்.

முன்பு அம்மையாரிடம் உதவி பெற்ற கிழவி ஒருத்தி அந்நகரில் இருந்தாள். சேறு நிறைந்த ஒடுங்கிய வழியில், கால் வைத்து நடக்க இட்டிருந்த கற்களின்மேல் இருவரும் எதிர்ப்பட்டனர். கிழவி வழிவிடாது அம்மையாரைச் சேற்றிலே தள்ளிவிட்டுச் சென்றாள். அம்மையார் சிரித்துக்கொண்டே எழுந்து ஆடையைக் கழுவினார்.

1228-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று, ஐசநாக்கில் தாமே துறவியர்க்கு அளித்திருந்த சிறு கோவிலின் பீடத்தில் கைகளை வைத்து, சுற்றத்தையும் மக்களையும் தம் விருப்பத்தையும் துறப்பதாக அம்மையார் உறுதி கூறினார். உடைமையையும் துறக்க முற்பட்டபோது கொன்ராது தடுத்தார். கணவர் வைத்த கடன்களைத் தீர்க்கவும் ஏழையர்க்கு உதவவும் பொருள் வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டெறிதல் துறவிக்கு எளிது. கடனாளிக்கு அவ்வுரிமை இல்லை.

உறவினர் அம்மையாருக்கு மறுமணம் செய்விக்க முயன்றனர், அவர் இசையவில்லை. லூத்விக்கின் எலும்புகள் தாய்நாடு கொணரப்பெற்று அடக்கப்பட்டபின், மனைவியுரிமைக்கு ஈடாக 2000 மார்க்கு வெள்ளியும், மார்பர்க் நகரில் வாழ்நாளளவும் துய்க்கத்தக்க நிலமும் கிடைத்தன. அங்கே அம்மையார் பிரான்சிசு அடிகளின் பெயரால் ஒரு மருத்துவமனை அமைத்தார். அடிகள் புனிதரென அறிவிக்கப்பெற்றதும் அவ்வாண்டிலேயே. ஒரு நாள் சுற்றுவட்டாரத்து ஏழையரையெல்லாம் திரட்டி, 500 மார்க்கை ஒரே நாளில் பகிர்ந்தளித்தார். வலியோர் வாங்கிக்கொண்டு சென்றனர். நிலவெழும் வேளையிலும் நடக்கமாட்டாத நோயாளரும் முதியோரும் வேலியோரம் கிடந்தனர். அவர்கட்கு மேலும் காசும் அப்பமும் கொடுத்து, குளிர்காயத் தீ மூட்டுவித்தார். அவ்விரவில் அவ்வேழையர் பாடிய பாட்டொலி கேட்டு அம்மையார் உள்ளம் பூரித்தார்.

சாம்பல்நிற முரட்டாடை அணிந்து, நோயாளரைக் குளிப்பாட்டியும், அழுக்குத் துணி துவைத்தும், கலம் கழுவியும் அம்மையார் நாள் கழித்தார். தம் உணவுக்கு நூல் நூற்றார். ஆல்த்தன்பர்க் மடத்தார் கம்பளியை அனுப்பி, நூற்றதற்குக் கூலி தருவர். ஒருமுறை கூலியை முன்னரே பெற்றிருந்தும், வெளியூர் செல்ல நேர்ந்தமையால் வேலையை முடிக்க இயலவில்லை. எஞ்சிய கம்பளியோடு, உழைப்புக்கு மேற்பட்ட ஒரு காசையும் திருப்பி அனுப்பினார். அம்மையாரை அழைத்துச் செல்லத் தந்தையார் அனுப்பிய அங்கேரிப் பிரபு, மன்னர் மகள் தக்ளி பிடித்து நூற்கும் கோலத்தைக் கண்டு திகைத்துத் தனியே திரும்பினார்.

இக்காலத்தில் கொன்ராது காட்டிய கடுமை போற்றத்தக்கதன்று. இளமை முதல் உடனிருந்த தோழியர் கூதாவையும் இசந்துரூதையும் அவர் பிரித்து அனுப்பினார். அற்பப் பிழைக்கும் அடித்தார். குழந்தைகளைப் பிரிந்ததும் அம்மையாரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது எண்ணத்தக்கது. அம்மையாரோ, வெள்ளம் வரும்போது வளைந்து பின் நிமிரும் நாணலைப் போலத் தாமும் வளைந்து நிமிர்வதாகக் கூறிப் பொறுத்துக்கொண்டார். வழிப்போக்கரையும் நோயாளரையும் மகிழ்விக்கும் முகமலர்ச்சி மட்டும் மாறவில்லை.

1231-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள், இருபத்துநான்கு வயதில், அம்மையார் மார்பர்க்கில் உயிர் நீத்தார். நான்கே ஆண்டுகளில், 1235-இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதரென அறிவித்தார். அதன்பொருட்டு நிகழ்ந்த உசாவலில் தோழியர் இருவரும், மருத்துவமனைப் பணிப்பெண்கள் இருவரும் கூறிய சான்றே அம்மையாரின் அன்றாட வாழ்வை நாம் அறியத் துணைபுரிகின்றது. 1236 மே முதல் நாள் திருவுடல் வேறிடத்தில் வைக்கப்பெற்றபோது, பேரரசர் பிரெடரிக் வெறுங்காலுடன் சாம்பல்நிற ஆடை உடுத்து வந்து, பொன்முடி ஒன்றைச் சூட்டினார். கல்லறைமீது பெருங்கோவில் ஒன்று எழுந்தது. பொன் முலாமும் மணிகளும் இழைத்த பேழை ஒன்றும் செய்யப்பெற்றது. முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், சமயச் சீர்திருத்தக் காலத்தில், அம்மையாரின் மரபிலேயே வந்த எசே நாட்டுக் கோமான் பிலிப், பேழையிலிருந்த எலும்புகளை 1539-இல் அகற்றினார். அக்கோவில் இன்றும் மார்பர்க்கில் நிற்கின்றது. பேழையும் அங்கேயே வெறுமையாய் இருக்கின்றது.